எங்கள் வீட்டு ஆடிட்

மூன்றாம் ஆண்டு சமூகவியலில் எங்களுக்கு மானிடவியல் என்று ஒரு பேப்பர் இருந்தது. சமூகவியல் எடுத்தவர்களில் பாதிப் பேர் வேறு எதுவும் கிடைக்காமல் வந்தவர்கள். நானும் அந்தப் பாதிதான். ஆனால் மானிடவியல் என்றதும் எல்லோருக்கும் திடீரென்று படிப்பில் ஆசை வந்துவிட்டது. மலைக்குக் கூட்டிப் போவார்கள், கூடாரம் போடலாம், தேன் எடுக்கிறவர்களோடு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கலாம் என்று கணக்குப் போட்டோம். ஆசிரியர் முதல் வகுப்பிலேயே அதில் மண்ணைப் போட்டார்.

"மலைக்குப் போக காலேஜ் வேன் தராது. அவங்களை ஏற்கெனவே நிறைய பேர் போய்த் தொந்தரவு பண்ணிட்டாங்க. நீங்க உங்க உங்க வீட்டைத் தொந்தரவு பண்ணுங்க."

அவர் சொன்ன முறை இதுதான். இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும். நான் உன் வீட்டைப் பார்ப்பேன், நீ என் வீட்டைப் பார். பத்து நாள், மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை மணி வரை ஒரு மூலையில் உட்கார்ந்து, எதிலும் தலையிடாமல், கண்ணில் பட்டதை எல்லாம் எழுத வேண்டும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், 'இதில் கண்டவை எங்கள் வீட்டின் அன்றாட வழக்கங்களே' என்ற வரிக்குக் கீழே அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் பூஜ்யம். பொய் என்று தெரிந்தாலும் பூஜ்யம். தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஜோடிக்குத் தனியாக எதுவும் சொல்லவும் கூடாது.

எனக்கு ஜோடியாக வந்தவள் கள்ளிக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடியில் இருப்பவள். அப்பா அம்மா இருவரும் சாஃப்ட்வேர், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். போன செமஸ்டரில் இதே பேப்பரின் முதல் பாகத்தில் அவள் வாங்கியது பூஜ்யம். காரணம் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஏதோ பசிபிக் தீவில் ஒரு குடும்பத்தைப் பற்றிய கட்டுரையை இணையத்திலிருந்து எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தாள். கள்ளிக்குப்பம் அடுக்குமாடி மூன்றாவது மாடியில் பன்றி வளர்க்கிறார்கள் என்றும், மாப்பிள்ளை வீட்டாருக்குப் படகு கொடுப்பார்கள் என்றும் அதில் இருந்தது. ஆசிரியர் அதை வகுப்பில் முழுவதும் வாசித்தார். படகை லிஃப்டில் ஏற்றுவார்களா, படிக்கட்டிலா என்று மட்டும் கேட்டார்.

இந்த முறை நன்றாகச் செய்தால் அந்த அரியரும் சேர்ந்து போய்விடும் என்று அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள், அரியர் இல்லாமல் இருந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று. இன்னொரு பொய் அறிக்கை கொடுத்தால் அந்த வேலை போயே போச்சு. அதனால் அவள் என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான் வைத்தாள்.

"உங்க வீட்டுல யாரும் ஸ்பெஷலா எதுவும் பண்ண வேணாம். எப்பவும் எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க, போதும்."

இதைவிடச் சின்ன வேண்டுகோளை யாரும் யாரிடமும் வைத்திருக்க முடியாது. நானும் சரி என்றேன். என் அப்பாவை மறந்துவிட்டேன்.

அப்பா அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். வருடா வருடம் அங்கே தரச் சான்றிதழ் கொடுப்பதற்காக ஆடிட்டர்கள் வருவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு தொழிற்சாலை வேறு தொழிற்சாலையாக மாறிவிடும். கண்ட இடத்தில் கிடந்ததெல்லாம் பின்னால் ஷெட்டுக்குப் போய்விடும். தரையில் மஞ்சள் கோடு போடுவார்கள். எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டுவார்கள். யார் எப்போது என்ன வேலை செய்ய வேண்டும் என்று சுவரில் சார்ட் தொங்கும். ஆடிட்டர் குறை கண்டுபிடித்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார், அதற்கு என்.சி. என்று பெயர். இத்தனை வருடத்தில் அப்பாவின் லைனில் ஒரு என்.சி.கூட விழுந்ததில்லை. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரிடம்கூட அவர் இதைச் சொல்லிவிடுவார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆடிட்டா?"

"ஆடிட் இல்லப்பா. ஆராய்ச்சி. நாம எப்டி கீறோம்னு பாக்கும், அவ்ளோதான்."

"வந்து பாக்குது. எய்துது. கடைசீல கையெழுத்து வாங்குது. அப்போ அது இன்னாடா? ஆடிட்தான?"

"நார்மலா இருக்கணும்பா. அதான் ரூலே."

"எந்த ஆடிட்லடா நார்மலா இருப்பாங்க?" என்றார்.

நெமிலிச்சேரியில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. அப்பா, அம்மா, நான், ப்ளஸ் டூ படிக்கும் தங்கை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்து வாசலில் செருப்பு விடும் இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டார். கேஸ் சிலிண்டரைச் சுற்றி வட்டம். சமையலறை டப்பாக்களில் எல்லாம் லேபிள். கடுகு, சீரகம், டீத்தூள், உப்பு. வாஷிங் மெஷினில் பச்சை அட்டை கட்டினார்: 'இயங்கும் நிலையில்'. மிக்ஸியில் சிவப்பு அட்டை: 'பழுது. பயன்படுத்தக் கூடாது'. அதில் தினம் சட்னி அரைத்துக்கொண்டிருந்த அம்மா, அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அன்றைக்கும் அரைத்தாள்.

கடைசியில் சார்ட் போட உட்கார்ந்தார். இடது பக்கம் வேலைகளின் பட்டியல், மேலே கிழமைகள், கட்டங்களில் ஆள் பெயர். வாசல் தெளிப்பது, காபி, டிபன், பாத்திரம், துணி, தண்ணீர் பிடிப்பது, வீடு பெருக்குவது, ராத்திரிச் சாப்பாடு. நடப்பதை அப்படியே எழுதிக்கொண்டு போனார். எழுதி முடித்துக் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் ஒரே பெயர்.

எனக்கு அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அம்மா மேல் இரக்கப்பட்டார் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் பயந்தது வேறு எதற்கோ.

"இன்னாடா இது, அல்லா மிஷினுக்கும் ஒரே ஆபரேட்டர் கீது? ஆபரேட்டர் லீவு போட்டா லைன் நின்னுடும். எடுத்தவொடனே என்.சி. போடுவாங்க."

ஆக, எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு வந்தது ஆடிட்டருக்குப் பயந்துதான். பாத்திரம்: திங்கள், புதன், வெள்ளி அப்பா, மற்ற நாள் நான். பெருக்குவது தங்கை. தண்ணீர் நான். துணி மடிப்பது அப்பா. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணி, அனைவரும் ஒன்றாக. தோசை தடை செய்யப்பட்டது. தோசை என்றால் யாராவது ஒருத்தர் அடுப்படியில் நிற்க வேண்டும், அப்போது 'அனைவரும்' என்று எழுதியது பொய்யாகிவிடும். நானும் தங்கையும் தோசைக்காகக் கத்திப் பார்த்தோம். அம்மா சார்ட்டின் முன்னால் நின்று, தண்ணீர் பில் வந்தால் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே இரண்டு முறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு என் ஜோடி வந்தாள். அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு, இன் பண்ணிய சட்டையும் பெல்ட்டுமாக வாசலில் நின்றார். உள்ளே டீப்பாயில் முந்திரியும் பிஸ்கட்டும் தயாராக இருந்தன. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஹால் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா எதிரில் நின்று, தொழிற்சாலை ஆடிட்டில் முதலில் கேட்பதுபோல, "ஓப்பனிங் மீட்டிங் வச்சிக்கலாமா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அப்பாவைக் கலங்கடித்தது அவள் எதுவும் கேட்காததுதான். ஆடிட்டர் என்றால் கேள்வி கேட்பார், மனப்பாடம் பண்ணிய பதிலைச் சொல்லலாம். தங்கைக்கு, சமையலறையில் தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்பது வரை பாடம் நடத்தியிருந்தார். இவளோ வாயே திறக்கவில்லை. பேனா மட்டும் ஓடியது. பேனா ஓடியபோதெல்லாம் அப்பா எழுந்து ஏதாவது ஒரு வேலை செய்தார். அவள் எழுத, அவர் ஜன்னல் துடைத்தார். அதைப் பார்த்து அவள் இன்னும் எழுத, அவர் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைத் துடைத்தார். முதல் நாள் முடிவதற்குள் எங்கள் வீட்டில் துடைக்காத பொருள் நானும் தங்கையும் மட்டும்தான்.

"கேட்டா பதில் சொல்லலாம். கேக்காமயே எய்திகினு கீதே!" என்று அவள் போனதும் புலம்பினார். மறுநாள் அவள் கை கழுவப் போன நேரத்தில் நோட்டை எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் பார்த்தார். 'தந்தை பாத்திரம் துலக்குகிறார்' என்ற வரியைப் படித்த அன்று அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். தீபாவளி போனஸுக்குக்கூட அப்படிச் சிரித்ததில்லை.

எதிர் வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. தினம் சாயங்காலம் ஒரு பெண் ரயிலடியிலிருந்து நடந்து வந்து, எங்கள் ஹாலில் உட்கார்ந்து எல்லோரையும் உற்றுப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறாளே. "பொண்ணு மாப்ள ஊட்டப் பாத்துனு போவுதா? இப்பல்லாம் பத்து நாள் பாக்கறாங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

நான் அவள் வீட்டைப் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல அதிகமில்லை. அடுத்த பத்து நாள் கள்ளிக்குப்பத்தில் மூன்று பேர் மூன்று திரைகளைப் பார்ப்பதைப் பார்த்தேன். நான்காம் நாள் அவள் அப்பா, பாவம் சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று எனக்கும் ஒரு லேப்டாப்பைக் கொடுத்தார். அவர்கள் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவு உண்மையான அறிக்கை வகுப்பிலேயே வேறு இருந்திருக்காது.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நாலைந்து நாளில் அப்பாவுக்குக் கை பழகிவிட்டது. பாத்திரங்களை அளவு வாரியாகப் பிரித்து வைத்துத் துலக்கினார். சும்மா சொல்லக் கூடாது, அம்மாவைவிட வேகம். எனக்கோ எரிச்சல். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் முன்னால் போகும்போதெல்லாம், ஐயோ இவள் இதையும் நம்பி எழுதுகிறாளே, இது தெரிந்தால் ஆசிரியர் இவளைப் பன்றிக் கதைக்காரி என்று மறுபடியும் எழுப்பி நிற்கவைப்பாரே என்று இருந்தது. சொல்லிவிடலாம் என்றால் சொல்லக் கூடாது என்பது விதி. சொன்னால் ஆய்வு செல்லாது, வேறு வீடு தேட நேரமும் கிடையாது.

அம்மா முதல் இரண்டு நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தாள். மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தாள். ரேஷன் கடையில் நடந்த சண்டையை ஆள் ஆளாக நடித்துக் காட்டினாள். எனக்குப் புரையேறியது. ஆறாம் நாள் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். அம்மா இரண்டாம் முறை வறுவல் போட்டுக்கொண்டாள், பிறகு மூன்றாம் முறை. அம்மாவுக்கு உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அது எப்போதும் மூன்றாவது ஆளோடு தீர்ந்துவிடும்.

பத்தாம் நாள் அப்பா குளோசிங் மீட்டிங் வைத்தார்.

"நம்ம ஊட்ல என்.சி. எத்தினிம்மா?"

"அப்படில்லாம் எதுவும் இல்ல அங்கிள்," என்றாள் அவள். அம்மாவிடம் மட்டும், "வரேன் ஆன்ட்டி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனாள். அப்பா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். எதிர் வீட்டுக்காரர்கள் நிச்சயம் ஆகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டார்கள்.

மறுநாள் காலை அப்பா சார்ட்டைக் கழற்றிச் சுருட்டிப் பரணில் போட்டார். ஆடிட் முடிந்தால் போர்டைக் கழற்றுவதுதானே முறை. அன்று ராத்திரி தோசை. அப்பா டிவி முன்னால், தங்கை கட்டிலில், நான் போனோடு. நாங்கள் மூவரும் முறுகல் முறுகலாகச் சாப்பிட்டோம். ஆசையாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. நான் நாலு தோசை சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அறிக்கையைக் கையெழுத்துக்காக அவள் என்னிடம் கொடுத்தனுப்பினாள். நாற்பத்தி இரண்டு பக்கம். அப்பா பேனாவைத் திறந்துகொண்டே வந்தார். நான் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"இதுல போடக் கூடாதுப்பா. அன்றாட வழக்கம்னு கீது. எல்லாம் நீ பண்ண டிராமா. தெரிஞ்சா அந்தப் பொண்ணு வேல பூடும்."

"போடாட்டி இன்னா ஆவும்?"

"அதுக்கும் பூடும்."

"அப்போ போட்டுட்டுப் போவட்டுமே," என்றார் அப்பா. தர்க்கத்தில் அவரை ஜெயிக்க முடியாது.

அம்மா அடுப்படியிலிருந்து கையை நீட்டினாள். "இங்க குடு. நானுந்தான பெரியவ."

அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நடுநடுவே ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள், பிறகு அடுத்த பக்கம். அப்பா தோசை கேட்டார். இரு என்றாள். எங்கள் வீட்டில் தோசை கேட்ட அப்பாவிடம் யாரும் இரு என்று சொன்னதில்லை. முடித்துவிட்டுப் பேனாவை வாங்கி, அச்சடித்த வரிக்குக் கீழே பொறுமையாக எழுதினாள். ஏழாம் வகுப்போடு நின்றவள், ஆனால் குண்டு குண்டாக அழகான எழுத்து.

'இதில் எழுதியது பத்து நாளும் நடந்தது. அதற்கு முன்னால் நடந்ததில்லை. இப்போதும் நடக்கவில்லை.'

அதற்குக் கீழே கையெழுத்து.

அப்பா எட்டிப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது. "இன்னாமே, நீயே என்.சி. போட்டுட்டியா?"

"நீதான போட்டுட்டுப் போவட்டும்னு சொன்ன?" என்று சொல்லிவிட்டு அம்மா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள்.

எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. பொய் சொல்லாமல் இருந்துவிட்டாள் என்று ஒரு மகனுக்குத் தாய்மேல் கோபம் வந்ததை வேறு எங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தத் தாளை மாற்றிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். துணிச்சல் வரவில்லை. அப்படியே அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, மடிக்காமல், கோப்பில் வைத்துக்கொண்டாள்.

வாய்மொழித் தேர்வில் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தார் ஆசிரியர். கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பினார். அம்மா எழுதியதைச் சத்தமாகப் படித்தார்.

"பத்து நாள் உட்கார்ந்திருக்க. நாற்பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருக்க. இது நாடகம்னு உனக்குத் தெரியலையா?"

முடிந்தது என்று நினைத்தேன்.

"தெரியும் சார். ரெண்டாவது நாளே தெரியும்," என்றாள் அவள்.

"எப்படி?"

"அவங்கப்பா டீ போடப் போனார். டப்பாவுல லேபிள் ஒட்டியிருந்தும் டீத்தூள் எங்க இருக்குன்னு தெரியல. அம்மா உட்கார்ந்த இடத்துலருந்தே கண்ணால காட்டினாங்க. அப்புறம் அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டா ஒரு தரம் எழுந்திரிக்கப் பார்த்தாங்க சார். உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமே இல்ல."

"இதை ஏன் எழுதல?"

"அங்கிள் தினம் என் நோட்டைப் பார்ப்பார் சார். எழுதினா, தெரிஞ்சுபோச்சுன்னு அன்னைக்கே எல்லாத்தையும் நிறுத்திடுவார். ஆன்ட்டி ஒருநாள் உருளைக்கிழங்கை மூணு தரம் போட்டுக்கிட்டாங்க. பத்து நாளாவது நடக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

"வேலை போயிடும்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

ஆசிரியர் சிவப்புப் பேனாவை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அந்த வீட்டுல எத்தனை வருஷமா இருக்க?"

"இருபது வருஷம் சார்."

அவர் அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நானும் அந்த வறுவலைப் பார்த்தேன், பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டு, பதினோராம் நாள் நாலு தோசை சாப்பிட்டேன். அவள் அதைப் பார்த்துத் தன் வேலையையே பணயம் வைத்திருக்கிறாள். அந்த அறையில் எனக்கு வந்தது வெட்கம். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

மறுபடியும் பத்து நாள் அதே வீட்டுக்குப் போ, இந்தத் தடவை பார்த்ததை எல்லாம் எழுது, நோட்டை யாருக்கும் காட்டாதே, அப்புறம் பார்க்கலாம் என்று அவளை அனுப்பினார். அவள் எழுதினாள், பாஸானாள், எஸ்டேட்டில் வேலைக்கும் சேர்ந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்வு நடந்த அன்று சாயங்காலம் நான் நேராக அடுப்படிக்குப் போனேன். அம்மா எனக்குத்தான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு மறுபடி வருதும்மா. திங்கக்கெயமலேர்ந்து பத்து நாள்."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். விளிம்பைக் கரண்டியால் அழுத்தினாள். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"பத்து நாள் மட்டுந்தானா?"